ரத்தத்தில் தேடும் புற்றுநோய் - கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு

"ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லா கேன்சரும் தெரிஞ்சிடுமாமே, ஊர்ல இருக்குற அப்பா அம்மாவுக்குப் பணம் கட்டிடலாமா?" வெளியூரில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் கேட்கிற கேள்விதான் இது. பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1948ல் மாண்டெல், மெத்தே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், செல்லுக்கு வெளியே, ரத்தத்தில் டிஎன்ஏ மிதப்பதைக் கண்டார்கள். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1997ல் டென்னிஸ் லோ, தாயின் ரத்தத்தில் கருவிலிருக்கும் குழந்தையின் டிஎன்ஏ இருப்பதைக் காட்டினார். புற்றுக்கட்டியுடையது அதற்கு முன்பே ரத்தத்தில் கிடைத்திருந்தது! 2018ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, 8 வகைப் புற்றுநோய்களுக்கான ஒரே சோதனையை வெளியிட்டது. 2021ல் 50க்கு மேற்பட்ட வகைகளைத் தேடும் 'கேலரி' அங்கே விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் பெங்களூரின் ஸ்ட்ராண்ட் நிறுவனம் 2024 டிசம்பரில் 'கேன்சர்ஸ்பாட்' கொண்டுவந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். படித்தது பி.காம்., வேலை வங்கியில், அதனால் புத்தி அங்கேதான் போகும் :-)

2021ல் வெளியான ஆய்வில், கேலரி புற்றுநோய் உள்ளவர்களில் 100க்கு சுமார் 51 பேரைக் கண்டுபிடித்தது. முதல் கட்டத்தில் இருப்பவர்களில் 17 பேரை மட்டுமே. நோயில்லாத 1000 பேரில் 5 பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்றது. இப்போது, 1000 பேரில் 10 பேருக்கு மறைந்த நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 பேர் பிடிபடுவார்கள், 5 பேர் தப்பிவிடுவார்கள், நோயில்லாத இன்னொரு 5 பேர் ஸ்கேன், பயாப்ஸி என்று அலைவார்கள்.

முன்னால் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, உயிர் பிழைக்க வேண்டும். பிரிட்டனில் 2001ல் தொடங்கி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய்க்கான ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை. நோய் முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் மரணம் குறையவில்லை என்று 2021ல் அறிவித்தார்கள்.

மரணத்தைக் குறைத்துக் காட்டிய உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நான் இருக்கும் வல்லார்பாடத்திலிருந்து இருநூறு சொச்சம் கிலோமீட்டரில் திருவனந்தபுரம். 1996ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005ல் 'லான்செட்' இதழில் வந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில், கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பதுதான்) தடவிப் பார்த்த ஆய்வில் அந்தப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது. அது வெளியானது 2007ல்.

ரத்தப் பரிசோதனை வீண் என்று சொல்லவில்லை. வசதியிருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். ஆனால் 'நெகட்டிவ்' என்று வந்த காகிதத்தைப் பார்த்து, வெற்றிலை புகையிலை போடும் அப்பா நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பணம் கட்டும் முன் போனில் கேளுங்கள்: அப்பா டாக்டரிடம் வாயைக் காட்டி எத்தனை வருஷமாச்சு? அம்மா மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் சோதனை செய்திருக்கிறார்களா? அம்மாவிடம் நாம் கேட்கக் கூச்சமாக இருந்தால், அக்காவையோ அண்ணியையோ கேட்கச் சொல்லுங்கள்.