நாரியைத் தாங்கும் தசைகள்

பனி கொட்டிய காலையில் வேலைக்குப் பிந்திவிடும் என்ற அந்தரத்தில், படுக்கையால் எழுந்த கையோடு வாசற்பனியை அள்ளப் போய் நாரி பிடித்துக்கொண்டவர்கள் கனடாவிலும் நோர்வேயிலும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பாரம் தூக்கியதால் வந்தது என்போம். அது பாதி உண்மை. அந்தப் பாரத்தை உடலின் நடுப்பகுதி எப்படித் தாங்கியது என்பது மீதி.

‘கோர்’ என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படும் இந்த நடுப்பகுதியை, வயிற்றில் கட்டம் கட்டமாகத் தெரியும் தசை என்றே எங்கள் இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். ஒரு பீப்பாயை நினைத்துப் பாருங்கள். மேல்மூடி, மூச்சுக்கு உதவும் பிரிமென்றகடு. அடித்தட்டு, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள். முன்னும் பக்கமும் வயிற்றுத் தசைகள். அவற்றில் ஆக உள்ளே இருப்பது, பட்டிபோல இடுப்பைச் சுற்றி ஓடும் குறுக்குத்தசை. பின்னால் முள்ளென்புகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் சிறு தசைகள். நாரியின் 5 முள்ளென்புகளும் இவற்றின் பிடியில்தான் நிற்கின்றன. தசைகளை நீக்கி, எலும்பையும் நார்களையும் மட்டும் விட்டு ஆய்வுகூடத்தில் சோதித்தபோது, ஏறக்குறைய 9 கிலோ பாரத்திலேயே நாரிப்பகுதி வளைந்து சரிந்தது. எங்கள் மேலுடம்பு அதைவிடப் பல மடங்கு பாரம்.

1996இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹொட்ஜஸும் கரோலின் றிச்சட்சனும் வெளியிட்ட ஆய்வு பலரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. கையை உயர்த்தும்போது, கை அசைய முன்னமே குறுக்குத்தசை இறுகிவிடுகிறது. நாரி நோ உள்ளவர்களில் அந்த இறுக்கம் பிந்தி வந்தது. படி ஏறும்போதும், பேரப்பிள்ளையைத் தூக்கும்போதும், பேருந்து குலுங்கும்போதும் இந்த முன்னாயத்தம் எங்களை அறியாமலே நடக்கிறது.

இந்த ஆய்வுக்குப் பிறகு வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்கும் பயிற்சி பெரிய சந்தையாகிவிட்டது. ஆனால் நீண்டகால நாரி நோவுக்கு அது வேறு பயிற்சிகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானதல்ல என்பதே பின்வந்த ஆய்வுத் தொகுப்புகளின் முடிவு. ஆகவே காசைக் கொட்டத் தேவையில்லை என்பது என் எண்ணம். விடாமல் செய்யக்கூடியதைச் செய்தால் போதும். நோ வந்தால் நாட்கணக்கில் படுத்துக்கிடப்பதுதான் கூடாது.

ஒன்ராறியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்ருவேட் மக்கில் மூன்று எளிய பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறார். மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடித்து, கைகளை நாரிக்குக் கீழே வைத்து, தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவது ஒன்று. பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பை உயர்த்துவது அடுத்தது. தொடங்குபவர்கள் முழங்கால்களையும் நிலத்தில் ஊன்றிக்கொள்ளலாம். மூன்றாவது, தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது. ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்கு மேல் பிடிக்கவேண்டாம். மூச்சை அடக்கவும் வேண்டாம்.

காலைப் பனிக்கு வருவோம். இரவு படுத்திருக்கும்போது முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அதனால் எழுந்தவுடன் குனிந்தால் அவற்றில் அழுத்தம் கூடுதல். தேத்தண்ணி குடித்து, வீட்டுக்குள் சற்று நடந்து, ஒரு மணித்தியாலம் கழித்துப் பனியைத் தொடுவது நல்லது. அள்ளி எறியாமல் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

அம்மாமார் வெளியே சொல்லாத ஒன்றும் உண்டு. இருமும்போதோ சிரிக்கும்போதோ சிறுநீர் கசிவது, பெரும்பாலும் பீப்பாயின் அடித்தட்டு தளர்ந்ததன் அறிகுறி. வயது போனால் அப்படித்தான் என்று விடத் தேவையில்லை. பயிற்சியால் பலருக்குக் குறையும். பிரான்சில் பிள்ளைப்பேற்றின் பின் இதற்கான பயிற்சியை மருத்துவர் எழுதித்தருவது வழமை, பொதுக் காப்புறுதியும் அதை ஏற்கிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். மகனை மொழிபெயர்க்க வைக்கக் கூச்சமென்றால், பெண் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே விசாரிக்கலாம்.

நாரி நோவோடு கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ நரம்பு நசிபடுகிறது என்று சந்தேகிக்கவேண்டும். இரவென்றாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பிள்ளை வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.