கண்ணாடி உள்ள கேமராவும் கண்ணாடி இல்லாத கேமராவும்

எங்கள் வீட்டு பீரோவில் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று 2005-இல் வெளிவந்த கேனான் 5டி. இன்னொன்று 2014-இல் வெளிவந்த சோனி ஏ6000. இரண்டையுமே நான் புதிதாக வாங்கவில்லை. பழைய தில்லி சாந்தினி சவுக்கில் கூச்சா சௌத்ரி என்று ஒரு கேமரா சந்து இருக்கிறது. இரண்டும் அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. (பேங்க் ஆபீசர் என்றால் பணத்தில் புரளுகிறோம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும் :-))

மே மாதம் நெருங்கினால் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாராவது இந்தக் கேள்வியோடு வருவார்கள். "சார், ஊருக்குப் போறோம். ஒரு பழைய ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். மலிவா வருது. அதே காசுக்குச் சின்ன மிரர்லெஸ்ஸும் வருது. எதை வாங்கலாம்? பெரிசுதானே நல்லா எடுக்கும்?"

நான் படித்தது பி.காம். ஒளியியல் எனக்குப் பாடம் இல்லை. ஆனால் எந்தக் கணக்கையும் ஆரம்ப இருப்பிலிருந்து பார்த்தால்தான் புரியும் என்பது எங்கள் தொழில் சொல்லிக்கொடுத்த விஷயம். இந்தக் கணக்கின் ஆரம்ப இருப்பு 1913-இல், ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் இருக்கிறது.

அந்த ஊரில் லைட்ஸ் என்ற மைக்ராஸ்கோப் கம்பெனியில் ஆஸ்கர் பர்னாக் என்று ஒருவர் வேலை பார்த்தார். மலை ஏறிப் படம் எடுப்பதில் ஆசை. ஆனால் ஆஸ்துமா. அன்றைய கேமரா என்றால் 13 x 18 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு, அதற்கேற்ற பெட்டி, முக்காலி என்று ஒரு சுமை. மூச்சு வாங்குகிற மனிதர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே மலை ஏறுவது? அவர் சினிமா ஃபிலிமைக் கையில் எடுத்தார். சினிமாவில் ஒரு சட்டம் 18 x 24 மில்லிமீட்டர். அப்படி இரண்டு சட்டங்களைச் சேர்த்து 24 x 36 என்று வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேமராவைச் செய்தார். நடுவில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. 1925-இல் லைப்சிக் சந்தையில் அது 'லைகா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். பர்னாக் தூக்க முடியாமல் விட்ட தகட்டின் பரப்பு 23,400 சதுர மி.மீ. அவர் தேர்ந்தெடுத்த சட்டத்தின் பரப்பு 864 சதுர மி.மீ. ஏறக்குறைய 27-இல் ஒரு பங்கு! இன்றைக்கு நாம் வாயைப் பிளந்து 'ஃபுல் ஃபிரேம்' என்று சொல்கிறோமே, அது இதே 24 x 36 தான். சுமக்க முடியாத ஒருவர் சுமையைக் குறைக்கக் கண்டுபிடித்த சின்ன அளவு அது. பெரிய தகட்டிலேயே பழகியவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

அப்புறம் எப்படி அதற்கு 'முழு' என்ற பட்டம் வந்தது? அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் கண்ணாடியின் கதை.

லைகாவில் ஒரு குறை உண்டு. நாம் பார்ப்பது ஒரு ஜன்னல் வழியாக, படம் விழுவது லென்ஸ் வழியாக. லென்ஸ் பார்ப்பதையே நம் கண்ணும் பார்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைக்க வேண்டும். ஃபிலிம் இருக்கிற காலத்தில் வேறு வழியே இல்லை. ஏனென்றால் படம் எடுக்கும் அந்த ஒரு நொடி தவிர மற்ற நேரமெல்லாம் ஃபிலிம் இருட்டில் இருந்தாக வேண்டும். அது என்ன பார்க்கிறது என்று அதனிடமே கேட்க முடியாது. ஆகவே வெளிச்சத்தைக் கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி விலகி, வெளிச்சம் ஃபிலிமுக்குப் போகும்.

இந்த யோசனைக்கு 1861-லேயே தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கியிருந்தார். 35 மி.மீ. ஃபிலிமில் இது 1936-இல் டிரெஸ்டனில் செய்யப்பட்ட கினே எக்ஸாக்டா மூலம் பரவியது. ஆனால் அதில் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும், இடமும் வலமும் மாறித் தெரியும். 1949-இல் வந்த கான்டாக்ஸ் எஸ், உள்ளே ஒரு ஐந்து முகப் பட்டகத்தை வைத்து அதை நேராக்கியது. அடுத்த தொல்லை, படம் எடுத்ததும் மேலே போன கண்ணாடி அங்கேயே நின்றுவிடும். அடுத்த படத்துக்குச் சுருளைச் சுற்றும் வரை கண்ணுக்கு இருட்டு. 1954-இல் ஜப்பானின் அசாஹிஃப்ளெக்ஸ் 2பி கேமராவில் கண்ணாடி போன வேகத்தில் இறங்கியது. 1959-இல் நிக்கான் எஃப் வந்தது. பத்திரிகைக்காரர்கள் கழுத்தில் அடுத்த அரை நூற்றாண்டு தொங்கிய கேமராக்களுக்கெல்லாம் அதுதான் மாதிரி.

டிஜிட்டல் கதை 1975-இல் ஆரம்பம். கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளைஞர் செய்த கருவி 0.01 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1999-இல் நிக்கான் டி1 வந்தபோது தொழில்முறையினர் கைக்கு டிஜிட்டல் ஓரளவு எட்டியது. ஆனால் அதன் சென்சார் பர்னாக் அளவில் இல்லை. அதில் பாதிக்கும் குறைவு. காரணம் விலை. சிலிக்கான் தட்டில் சில்லு பெரிதாக ஆக எண்ணிக்கை குறையும், ஒரு சின்னப் பழுது விழுந்தாலும் வீணாகும் பங்கு கூடும். எனவே பழைய லென்சுகளை மாட்டினால் சுற்றிலும் ஓரம் வெட்டுப்பட்ட படம்தான் கிடைத்தது. ஓரம் வெட்டாமல் 24 x 36 முழுவதும் கிடைத்தால்? அதற்குத்தான் 'ஃபுல் ஃபிரேம்' என்று பெயர் வந்தது. குறைத்துக் கொடுத்த பின்னால்தான் பழையது 'முழுசு' ஆனது. ரேஷன் கடையில் முழு அளவு அரிசி என்று சொல்வது மாதிரி!

2002-இல் கேனான் 1டிஎஸ் முழுச் சட்டத்தைக் கொடுத்தது, விலை 8,000 டாலருக்கு ஒரு டாலர் குறைவு. 2005-இல் 5டி அதையே 3,299 டாலருக்கு, சாதாரண உடம்புக்குள் வைத்துக் கொடுத்தது. கல்யாண ஃபோட்டோக்காரர்கள் அதைக் கொண்டாடியதற்குக் காரணம் இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை அப்போது பலர் யோசிக்கவில்லை. ஃபிலிம் போய் சென்சார் வந்தபின் கண்ணாடி எதற்கு? சென்சார் குருடு இல்லையே! அது பார்ப்பதை அதனிடமே கேட்டு ஒரு சின்னத் திரையில் காட்டலாமே? அன்றைக்குச் சரிப்படவில்லை. சென்சார் சூடாகும், பேட்டரி தீரும், திரை மங்கல், ஃபோகஸ் ஆமை வேகம். இவை ஒவ்வொன்றாகத் தீர்ந்ததும் 2008-இல் பானாசோனிக் ஜி1 கண்ணாடியைத் தூக்கிப் போட்டது. அந்த வகைக்கு 'மிரர்லெஸ்' என்று பெயர் நிலைத்தது. வெங்காயம் போடாத சாம்பாரை 'வெங்காயமில்லா சாம்பார்' என்று சொல்வது மாதிரி, இல்லாததை வைத்து ஒரு பெயர்.

ஜி1 சென்சார் சின்னது. அதனால் மிரர்லெஸ் என்றாலே சின்ன சென்சார், டி.எஸ்.எல்.ஆர். என்றால்தான் பெரிய சென்சார் என்று ஒரு எண்ணம் ஊறிப்போனது. அது தவறு. சென்சார் அளவு ஒரு கணக்கு, கண்ணாடி வேறொரு கணக்கு. 2013-இல் சோனி ஏ7 முழுச் சட்டத்தைக் கண்ணாடி இல்லாமலே, 474 கிராமில் கொடுத்து இதை நிரூபித்தது. 2018-இல் நிக்கானும் கேனானும் அதே பாதைக்கு வந்தன. ஜப்பான் கம்பெனிகளின் விற்பனையில் 2020-இல் மிரர்லெஸ் முதன்முறையாக டி.எஸ்.எல்.ஆரை முந்தியது. கண்ணாடியை ஒழுங்காக இறங்கவைத்த அசாஹியின் வாரிசான பென்டாக்ஸ் மட்டும் 2021-இல் கூடப் புதிய டி.எஸ்.எல்.ஆர். வெளியிட்டது. நன்றி மறக்காதவர்கள்.

இனி என் பீரோவுக்கு வருவோம். 5டி-யும் 24-105 லென்சும் பேட்டரியோடு சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஏ6000-உம் அதன் 16-50 லென்சும் 460 கிராம். 5டி-யில் 12.8 மெகாபிக்சல், 9 ஃபோகஸ் புள்ளிகள், அவையும் நடுவிலேயே கூட்டமாக. ஏ6000-இல் 24.3 மெகாபிக்சல், 179 புள்ளிகள், ஓடுகிற குழந்தையை விடாமல் பிடிக்கும். 5டி சென்சார் பரப்பில் இரண்டேகால் மடங்குக்கும் சற்று அதிகம். ஆனால் ஒன்பது வருட முன்னேற்றம் அந்த லாபத்தைக் கிட்டத்தட்டச் சாப்பிட்டுவிட்டது. குறைந்த வெளிச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நிழலில் இருக்கும் முகத்தை கம்ப்யூட்டரில் தூக்கிவிடுவதில் சின்னது மேல்.

பெரியதற்கும் பெருமை உண்டு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்சை மாட்டி ஒரு முகத்தை எடுத்தால் பின்னணி கரைந்து போகிற அழகு, அதே லென்சை ஏ6000-இல் மாட்டி அதே சட்டத்துக்குப் பின்னால் நகர்ந்து நின்றால் கொஞ்சம் குறையும். கண்ணாடி வழியாகப் பார்ப்பது நிஜ வெளிச்சம், டி.வி. இல்லை. பேட்டரி ஒரு சார்ஜுக்கு 800 படம் வரை. சின்னதில் 360 தான். சின்னதன் திரைக்கண்ணில் எனக்கு ஒரு வசதி: எடுத்த படத்தை உள்ளேயே பார்த்துக்கொள்ளலாம், வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் பேங்க் கணக்கில் கம்ப்யூட்டருக்கு மூன்று வருடத்தில் தேய்மானம் முடிந்துவிடும். அந்தக் கணக்குப்படி 5டி-யின் புத்தக மதிப்பு பூஜ்யம். ஆனாலும் நான் அதை விற்கவில்லை. காரணத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்களுக்கு அம்பாசமுத்திரம். 5டி வாங்கிய புதிதில் மே மாதம் ஊருக்குப் போனால் அப்பா திண்ணையில் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பையிலிருந்து கேமராவை எடுத்தால் போச்சு. "இருல, சட்டைய மாட்டிக்கிட்டு வாரேன்" என்று உள்ளே போய், மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்த மாதிரி உட்காருவார். கண்ணாடி 'டப்'பென்று அடித்ததும் "முடிஞ்சிட்டா?" என்பார். எத்தனை வருடம் முயன்றாலும் அதே படம்தான்.

2016-இல் இரண்டு பிள்ளைகள், மூன்று பெட்டிகள், ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், அப்புறம் பஸ். "இந்தக் கல்லை இந்தத் தடவை விட்டுட்டுப் போவோமே" என்றார் வீட்டம்மா. நியாயமாகப் பட்டது. அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்த ஆவணியில் அப்பா போய்விட்டார். கடைசி மே மாதத்துக்கு எங்களிடம் கேமராப் படம் ஒன்றுகூடக் கிடையாது.

சுவரில் மாலை போட்டிருப்பது 5டி-யில் எடுத்த படம். மேல் பட்டன் வரை போட்ட சட்டை. இரண்டடி உயரத்துக்குப் பெரிதாக்கியும் புருவத்தில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. பார்க்க வருகிறவர்கள் "அப்படியே உக்காந்திருக்காக" என்கிறார்கள். அந்தக் கேமராவை எப்படி விற்பது?

மறு வருடம் ஏ6000 வந்தது. அம்மா மொட்டை மாடியில் கூழ் வத்தல் பிழிந்துகொண்டிருந்தாள். "என்னல அது, செல்லா?" என்றாள். கேமரா என்றேன். "இம்புட்டுக்காணு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பிழிய ஆரம்பித்துவிட்டாள். முடியைச் சரிசெய்யவில்லை, முந்தானையை இழுத்துவிடவில்லை. அன்றைக்கு நாற்பது படம் எடுத்தேன். அத்தனையிலும் எங்கள் அம்மா எங்கள் அம்மாவாகவே இருக்கிறாள்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உட்காரவைத்து ஒரு முகத்தைச் சுவருக்கு எடுக்க வேண்டும், பையைத் தூக்க ஆளிருக்கிறது என்றால் பழைய ஃபுல் ஃபிரேமைத் தாராளமாக வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு ரயில் மாறி, கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறவர் என்றால் சின்னதை வாங்குங்கள். பெரிய அளவை விட்டுச் சின்னதற்கு வந்தால் தரம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆஸ்துமாக்காரர் ஒருவர் நமக்கு முன்னாலேயே அதைச் செய்துவிட்டார், அவர் செய்த சின்னதைத்தான் நாம் இன்று பெரியது என்கிறோம்.

எதை வாங்கினாலும் சரி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மட்டும் ரயில் ஏறாதீர்கள்.