மலைக்கோட்டைப் படியேற்றம்
திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு நடந்து ஏறும் வழிபாட்டு வழக்கம்; உடலியல் நோக்கில் புவியீர்ப்புக்கு எதிரான உடற்பயிற்சி. குன்றின் உயரம் சுமார் 83 மீட்டர். படிகள் 400-க்கு மேல். வழியில் தாயுமானவர் கோயிலும் பல்லவர் குடைவரையும் உள்ளன.

70 கிலோ எடையுள்ளவர் இவ்வுயரம் ஏறுவதில் செய்யும் வேலை ஏறத்தாழ 14 கிலோகலோரி. தசைகளின் செயல்திறன் 20 முதல் 25 விழுக்காடே ஆதலால், உடல் செலவிடுவது 55 முதல் 70 கிலோகலோரி வரை. ஓரிரு இட்லி தரும் ஆற்றல் இது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி அடங்கியிருப்பதால், உணவைக் குறைக்காமல் ஏறுவதால் எடை பெரிதும் குறையாது. இதயநோய், மூட்டுத்தேய்வு உள்ளோர் மருத்துவரைக் கேட்டு ஏறுவது நலம்.