குருவானவர் வராத மாதங்கள்: ஓசூர் எல்லைப்புறத்தில் மனஸ்தாப மன்றாட்டின் வரலாறு

பேரிகையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் கர்நாடக எல்லை வந்துவிடும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் இந்த ஓசூர்ச் சீமை, திருச்சபை நிர்வாகத்திலும் கை மாறிக்கொண்டே வந்தது. முதலில் இயேசு சபையாரின் மைசூர் மிஷன், பின்னர் பாரிஸ் மறைபோதக சபை, 1930 முதல் சேலம் மறைமாவட்டம், 1997 முதல் தருமபுரி மறைமாவட்டம். கத்தோலிக்கரின் மனந்திரும்புதலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்தே தொடங்குகிறார்கள். இப்பகுதிக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. குருவானவர் இல்லாத காலத்தில் மக்கள் எதைச் சொல்லி மன்றாடினார்கள் என்பதில்தான் இங்கு இறை இரக்க நம்பிக்கையின் வரலாறு இருக்கிறது என்பது என் வாதம்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று நான்காம் இலாத்தரன் சங்கம் 1215இல் விதித்தது. திரிதெந்து சங்கம் 1551இல் இன்னொன்றையும் தெளிவாக்கியது. கடவுள்மீதுள்ள அன்பினாலேயே பாவத்துக்கு வருந்துவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சி வருந்துவது அற்ப மனஸ்தாபம். உத்தம மனஸ்தாபம் உள்ளவர், பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பத்தையும் கொண்டிருந்தால், அதைச் செய்வதற்கு முன்பே கடவுளோடு ஒப்புரவாகிவிடுகிறார். ஐரோப்பாவில் இறையியலார் விவாதித்த இந்தக் கருத்து, குருமார் அரிதாகவே வந்துபோகும் ஊர்களில் அன்றாடத் தேவையாயிற்று.

இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் பாவசங்கீர்த்தனத்துக்கான தமிழ்க் கையேட்டை 1580இல் அச்சிட்டது முத்துக்குளித்துறை மக்களை எண்ணி. உள்நாட்டின் நிலைமை வேறு. லெயோனார்தோ சின்னமி 1640களின் கடைசியில் சீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய மைசூர் மிஷனில், விரல்விட்டு எண்ணத்தக்க குருமார் மிகப் பரந்த நிலப்பரப்பைச் சுற்றிவர வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் செபம் சொல்லிக் கொடுத்தவர், சாகக் கிடப்போர் அருகே இருந்தவர் உபதேசியார். அண்டை மதுரை மிஷனில் வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியிருப்பது, அப்பணியின் மீது எவ்வளவு பாரம் இருந்தது என்பதைக் காட்டும். உபதேசியாரால் பாவமன்னிப்பு வழங்க முடியாது. மனஸ்தாப மந்திரத்தைக் கூடவே சொல்ல முடியும். கேட்பவர் கடவுளின் இரக்கத்தை நம்பித்தான் கண்மூட வேண்டியிருந்தது.

இந்த நம்பிக்கைக்குக் கடும் சோதனை திப்பு சுல்தான் காலத்தில் வந்தது. போர்த்துகல் 1759இல் இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773இல் அச்சபையே கலைக்கப்பட்டது. 1776இல் பாரிஸ் மறைபோதக சபையினர் பொறுப்பேற்றார்கள். 1784இல் திப்பு கன்னடக் கடற்கரைக் கிறிஸ்தவர்களைச் சிறைபிடித்துச் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசென்றார். 60,000 பேர் என்பது பாரிஸ் மறைபோதக சபைக் குரு அபே துய்புவா தரும் எண். அண்டைப் பாரமகால் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனபிறகும் ஓசூர்ச் சீமை 1799 வரை மைசூரின் பிடியிலேயே இருந்தது.

சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கு வந்த துய்புவா, கட்டாயத்தால் மதம் மாறியிருந்தவர்களை மீண்டும் திருச்சபையில் சேர்த்தார். 1823இல் வெளியிட்ட கடிதங்களில் அவர்களை அவர் கடிந்துதான் எழுதுகிறார். விசுவாசத்துக்காக உயிர்விட ஒருவரும் முன்வரவில்லையே என்று வருந்துகிறார். வெளிக்குத்தான் மறுதலித்தோம், உள்ளத்தில் விசுவாசத்தை விடவில்லை என்று திரும்பி வந்தவர்கள் சொன்னதாகவும் அவரே பதிவு செய்கிறார். கடிந்த கையே கதவையும் திறந்தது. 251இல் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், துன்புறுத்தலில் தளர்ந்தவர்களை மீண்டும் ஏற்கலாமா என்று சங்கம் கூட்டி ஆராய்ந்த அதே கேள்வி இது. அம்மக்களின் சொல்லைச் சாக்குப்போக்கு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. குருவும் கோவிலும் இல்லாத பதினைந்து ஆண்டுகள் மனஸ்தாபம் உள்ளே உயிரோடு இருந்திராவிட்டால், திரும்பி வருவதற்கு வழியே இருந்திராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பங்குகள் நிலைபெற, பாவசங்கீர்த்தனம் ஒழுங்கான வழக்கமாயிற்று. 1973இன் புதிய சடங்குமுறைக்குப் பின் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்ற பெயர் பரவியது. அதே எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தன. ஷிப்ட் வேலைக்காகப் பல ஊர்க் கத்தோலிக்கர் குடியேறினார்கள்.

போலந்துக் கன்னியர் ஃபாஸ்டினா 1935இல் எழுதிவைத்த இறை இரக்க செபமாலையை இந்தச் சூழலில் வைத்தே பார்க்க வேண்டும். அவர் எழுத்துகளின் வழி பரவிய பக்தியை 1959இல் உரோமை தடை செய்து, 1978இல் தடையை நீக்கியது. 2000 ஏப்ரல் 30இல் இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக்கி, பாஸ்கா இரண்டாம் ஞாயிறை இறை இரக்க ஞாயிறாக அறிவித்தார். பக்தியின் பிறப்பிடம் போலந்து; ஆனால் சாதாரண செபமாலை மணிகளிலேயே, குருவானவர் இல்லாமலே, ஆலைப் பேருந்தில் உட்கார்ந்தபடியே சொல்லக்கூடிய இந்த மன்றாட்டுக்கு, உபதேசியார்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கு நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஜூஜுவாடி எல்லையில் போக்குவரத்து நின்றது, ஆலயங்கள் மூடின. இறை இரக்க ஞாயிறான ஏப்ரல் 19 வீடுகளுக்குள்ளேயே கழிந்தது. பாவசங்கீர்த்தனம் செய்ய இயலாதோர் உத்தம மனஸ்தாபத்தால் மன்னிப்புப் பெறலாம் என்று உரோமை மார்ச் 20 அன்றே நினைவூட்டியிருந்தது. வாய்ப்புக் கிடைத்ததும் குருவானவரிடம் போக வேண்டும் என்ற உறுதி அதற்கு நிபந்தனை. 1551இல் வைக்கப்பட்ட நிபந்தனையும் இதுவே.