தம்பி

‘தம்’ என்பதோடு ‘பின்’ சேர்ந்தது தம்பி. தமக்குப் பின் பிறந்தவன். மூத்தவனுக்கு இதற்கு இணையாகத் ‘தம்முன்’ என்ற சொல் சங்க இலக்கியத்தில் உண்டு. அது வழக்கொழிந்து அண்ணன் நிலைத்துவிட்டது. கம்பனிடம் எம்பி (என் தம்பி), உம்பி (உன் தம்பி) என, யாருடைய தம்பி என்பதையும் சேர்த்தே சொல்லும் வடிவங்கள் உண்டு. எவ்வளவு நுட்பம்! பேச்சில் அவற்றை இழந்தது நட்டம்தான்.

பிறப்பு வரிசை ஆட்பெயராவதும் உண்டு. ஸ்பானிஷில் ‘இரண்டாவது’ என்று பொருள்படும் செகுந்தோ ஆண்களுக்கு இடும் பெயர். கொங்கு நாட்டிலோ உடன்பிறப்பு முறைப்பெயர் தெய்வப் பெயராகவே உயர்ந்தது. நாட்டுப்புறக் கதை நாயகர்களான பொன்னரும் சங்கரும் ‘அண்ணன்மார் சாமி’, உடன்பிறந்தவள் ‘தங்காள்’. அண்ணன்மார் என்பதே தங்கையின் இடத்தில் நின்று அழைக்கும் பெயரல்லவா? இவர்களது கதையை 1965-இல் காங்கயம் பகுதியில் ஒலிப்பதிவு செய்தவர் மானிடவியலாளர் பிரெண்டா பெக்.

பிறப்பு வரிசைச் சொற்களில் தலைச்சன், கடைக்குட்டி இரண்டும் வீட்டோடு நின்றுவிட்டன. தம்பி வெளியே வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லருக்குக் கைமடிக்க (துணி மடித்துத் தர) நிற்கும் இளைஞர் எந்த ஊர்க்காரரானாலும் தம்பிதான்.