சின்னசேலம் ரயிலடி

ரயில் வந்தால் பழைய சமூகம் கரைந்துபோகும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய நம்பிக்கைகளில் ஒன்று. 1853இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தியாவைப் பற்றி எழுதிய மார்க்ஸ், ரயிலைத் தொடர்ந்து வரும் நவீனத் தொழில்கள் ஜாதிக்கு ஆதாரமான பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். அவரோடு வேறெதிலும் உடன்படாதவர்கள்கூட இதில் உடன்படுவதைப் பார்க்கிறோம். நம் எழுத்திலும் ரயில் ஸ்டேஷன் என்றால் நவீன வாழ்க்கை வந்து இறங்குகிற இடம் என்றே பெரும்பாலும் அர்த்தமாகிறது. இதைச் சின்னசேலத்தில் வைத்துச் சோதிக்கலாம்.

1929இல் விழுப்புரத்தையும் திருச்சியையும் விருத்தாசலம் வழியாக இணைக்கும் கார்டு லைன் திறக்கப்பட்டது. 1931இல் விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது. இரண்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் காரியம். தாலுகா கச்சேரி இருந்த கள்ளக்குறிச்சியை இந்தப் பாதை தொடவில்லை. ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த சின்னசேலத்துக்கு ரயிலடி கிடைத்தது.

சின்னசேலத்துக்கு வடக்கே கல்வராயன் மலை. அதன் மேலே வெள்ளிமலை. ரயில் வந்தபோது மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகியோருடையவை. அங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடிகள் ஜாகீர்தாருக்கு வரியும் கொடுத்தார்கள், கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் மலையில் இந்த ஏற்பாடு நீடித்தது. அரசாங்கம் ஜாகீர்களை எடுத்துக்கொண்டது 1976இல்தான். அதாவது, மலையடிவாரத்துப் பிரதேசத்தில் ரயில் ஓடத் தொடங்கி நாற்பத்தைந்து வருஷங்கள் மேலே ஜாகீர் இருந்தது. அதை முடித்துவைத்ததும் ரயில் அல்ல, அரசாங்க உத்தரவு.

ஏன் இப்படி? ரயில் சரக்கைத் தேடி வந்தது, ஆளைத் தேடி வரவில்லை என்பது என் எண்ணம். கடுக்காயும் புளியும் தேனும் தலைச்சுமையாக மலையிறங்கிவிட்டால் போதும்; சுமந்து வந்தவன் டிக்கெட் ஜன்னல் வரை போக வேண்டியதில்லை. சந்தை பெரிதானால் சரக்கின் மதிப்பு கூடுகிறது. அந்த மதிப்பு, சரக்கின் மேல் ஏற்கெனவே அதிகாரம் உள்ளவனுக்கே போய்ச் சேர்கிறது. யந்திரம் மட்டும் வந்து இந்த உறவை மாற்றிவிட முடியாது.

ஊரின் கதையும் ரயிலோடு நேர்கோட்டில் போகவில்லை. மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி பரவியது. ஆத்தூர், சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைகள் எழுந்தன. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. இந்தச் சரக்கு லாரியை நம்பியது. 2007இல் பாதை அகல ரயில் பாதையானபோது ஊரின் வியாபாரம் உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலைக்கு எப்போதோ நகர்ந்திருந்தது. 2019இல் தனி மாவட்டம் பிறந்தது. ரயிலடிதான் ஊரை வளர்க்கும் என்றால் அதன் தலைநகர் சின்னசேலமாக இருந்திருக்க வேண்டும். தலைமையிடமானது, 1931இல் பாதை ஒதுக்கிவிட்டுப் போன கள்ளக்குறிச்சி.

மலையாளிகள் இப்போது வெளியூர் போகிறார்கள்: குடகில் காப்பித் தோட்டம், கேரளத்தில் மிளகுத் தோட்டம். மார்க்ஸ் சொன்னதில் பாதி பலித்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்லத் தோன்றலாம். ஆனால் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறவன், தன் உழைப்பை விற்பதற்கு முன்பே கடனாளியாகிவிடுகிறான். கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது புரியச் சிரமமிராது: பற்று முதலில் எழுதப்படுகிறது, வரவு பிறகு.

நம் ஊர்ச் சரித்திரங்கள் வழக்கமாக ரயில் வந்த வருஷத்தை நவீன காலத்தின் ஆரம்பமாக வைத்துக்கொள்கின்றன. சின்னசேலத்துக்கு அந்த வருஷம் 1931. வெள்ளிமலைக்கு 1976ஐ விட்டுவிட்டு எதையும் ஆரம்பிக்க முடியாது. இந்த இரண்டு வருஷங்களையும் ஒரே பக்கத்தில் எழுதாத சரித்திரம், சமவெளிக்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட சரித்திரமாகத்தான் இருக்கும்.