கரிசல் நிலத்தில் மிதிவண்டிப் பயணம்: நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் வழியைத் திட்டமிடும் முறை

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கும் இது பொருந்தும். உடல் எடையை இருக்கை தாங்குவதால், முழங்கால் வலி உள்ள பலருக்கும் மிதிவண்டி ஏற்றதாகிறது. பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மிதிவண்டி ஓட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்போர் பலர். எந்த வழியில் ஓட்டலாம் என்று கேட்போர் சிலரே. இப்பக்கம் அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

திரும்பும் வழியை முதலில் கணக்கிடுக

மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவோர், புறப்படும் முன்பே வரைபடத்தில் ஏற்ற இறக்கங்களைப் பார்த்துக்கொள்வர். பரளச்சியைச் சுற்றியுள்ள நிலமோ ஏறத்தாழச் சமவெளி; கண்மாய்க் கரையே இங்குள்ள பெரிய மேடு. மலையில் ஏற்றம் தரும் களைப்பை இங்கே எதிர்காற்று தருகிறது. ஆனி முதல் ஆவணி வரை மேற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து காற்று பலமாக வீசும். அக்காலத்தில் கிழக்கு நோக்கிச் செல்பவர் களைப்பே இன்றி நெடுந்தொலைவு சென்றுவிடுவார். திரும்பும்போது எதிர்காற்று, ஏறிய வெயில், குறைந்துகொண்டிருக்கும் இரத்தச் சர்க்கரை ஆகிய மூன்றும் ஒருசேர வந்து தாக்கும். எனவே காற்றுக் காலத்தில் முதலில் மேற்கு நோக்கிச் சென்று, காற்றின் துணையோடு வீடு திரும்புமாறு வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் காற்றும் வெயிலும் தணிந்திருக்கும். கோடையில் காலை 8 மணிக்குள் வீடு சேர்வது நல்லது.

மண்ணின் இயல்பையும் கருத வேண்டும். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். முன்சக்கரம் வெடிப்பில் சிக்கினால் விழ நேரும். மழைக்குப் பின்னரோ ஈரக் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, வண்டியைத் தள்ளவும் விடாது. மண்பாதைகளில் சீமைக்கருவேல முள் எங்கும் கிடக்கும். சக்கரம் பஞ்சரானால் நடந்துதான் வர வேண்டும் என்பதால், இதுவும் மருத்துவம் சார்ந்த செய்தியே. வழியின் எந்த இடத்திலிருந்தும் அரைமணி நேர நடையில் ஓர் ஊரையோ தார்ச்சாலையையோ அடைய முடிய வேண்டும். அதற்கு அப்பால் செல்லும் வழி, இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்கு ஏற்றதன்று.

வாகனங்கள் விரையும் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையைத் தவிர்த்து, ஊர்களை இணைக்கும் சிறு சாலைகளைத் தேர்ந்தெடுக்கவும்.

கைபேசி வரைபடம்

கைபேசியின் ஜிபிஎஸ் வசதி இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் கண்மாய்கள், ஓடைகள், வண்டிப்பாதைகள் தெரியும். ஆனால் அது ஏதோ ஒரு நாளில் எடுக்கப்பட்ட படம். அன்று தெரிந்த பாதையைக் கருவேலம் மூடியிருக்கலாம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடலாம். ஓடும் நீரில் இறங்காமல் வந்த வழியே திரும்பவும். இவ்விடயத்தில் ஆடு மேய்ப்பவர் சொல்லும் வழி, வரைபடத்தைவிட நம்பத்தக்கது என்பது எமது கருத்து.

மருந்துகளும் தொலைவும்

இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் வழியில் தாழ்சர்க்கரை ஏற்படலாம். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. முதல் வகையினர் புறப்படும் முன் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் சிற்றுண்டி உண்டபின் புறப்படலாம். 250க்கு மேல் இருந்து உடல்நலக் குறைவும் இருந்தால் அன்று பயணம் வேண்டா, மருத்துவரை அணுகவும். தொடையில் செலுத்திய இன்சுலின் மிதிக்கும்போது விரைவாக உறிஞ்சப்படும். ஆதலால் பயண நாளில் வயிற்றுப் பகுதியில் செலுத்திக்கொள்வது நலம்.

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, கண் மங்கல் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். உடனே வண்டியை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும். 15 நிமிடங்களில் சரியாகாவிடில் மீண்டும் ஒருமுறை குடிக்கவும். தேறிய பின் பயணத்தைத் தொடராமல் திரும்ப வேண்டும். அட்டெனலால் போன்ற மருந்துகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். ஆனால் வியர்வை தோன்றும். வெயிலில் வியர்ப்பது இயல்புதானே என்று அதனை ஒதுக்கிவிடக் கூடாது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர் கோடைப் பயணத்திற்கு முன் மருத்துவரிடம் ஆலோசனை பெறுக.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ரப்பர்ச் செருப்புடன் மண்பாதையில் செல்லக் கூடாது. கருவேல முள் அச்செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறினாலும் அவர்களுக்கு வலி தெரியாது. மூடிய காலணி அணியவும்; வீடு திரும்பியதும் உள்ளங்கால்களை வெளிச்சத்தில் பார்க்கவும்.

அவசர நிலையும் குடும்பத்தினரும்

நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், வெயிலில் மனக்குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108ஐ அழைக்கவும். வெப்பத்தால் மயங்கியவரை நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறவும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாம்பு கடித்தால் கீறவோ இறுகக் கட்டவோ வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

கண்மாய்க் கரைமேல் ஆம்புலன்ஸ் வர இயலாது. ஆகவே வழியை வரையும்போதே, மண்பாதை தார்ச்சாலையைத் தொடும் இடங்களைக் கோவில், பள்ளி, மேல்நிலை நீர்த்தொட்டி என அடையாளத்துடன் குறித்து, அதன் ஒரு படியை வீட்டில் வைத்துச் செல்ல வேண்டும். உதவி கேட்கும்போது அந்த அடையாளத்தையே சொல்லவும். சொந்த இணைப்பில் சைகை இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112 எண்ணுக்கு அழைப்புச் செல்லக்கூடும்.

புறப்பட்ட நேரம், செல்லும் திசை, திரும்பும் நேரம் ஆகிய மூன்றையும் வீட்டில் ஒருவர் அறிந்திருக்க வேண்டும். குறித்த நேரத்தைக் கடந்து 30 நிமிடங்கள் ஆகியும் வராவிட்டால் கைபேசியில் அழைக்கவும். பதில் இல்லையெனில், குறித்துவைத்த வழியின் திரும்பும் பகுதியிலிருந்து தேடத் தொடங்கவும்.